பேய்க்கும் ஒரு ஃப்ளாஷ்பேக்

பல்லாவரத்தை வைத்துப் பேய்ப்படம் எடுக்க ஒரு ஹாலிவுட்காரர் வந்தால் கதைக்குப் பஞ்சமே இருக்காது. 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் புகழ்பெற்ற கற்கோடரியைக் கண்டெடுத்தது இந்த மண்ணில்தான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா இங்கே தோண்டி, கால் வைத்த தொட்டி போன்ற சுடுமண் ஈமப்பேழைகளை வெளியே எடுத்தார். அதாவது, நாம் அடுக்குமாடி கட்டிக் குடியிருக்கும் குன்றடிவாரம் முழுக்க எவரெவரோ ஈராயிரம் ஆண்டுக்கும் மேலாகப் படுத்திருந்த இடம். இடுகாட்டின் மேல் வீடு கட்டினால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியை வைத்து அமெரிக்காவில் 1982இல் ‘போல்டர்கைஸ்ட்’ எடுத்தார்கள். அந்தக் கணக்குப்படி ஜமீன் பல்லாவரத்திலிருந்து திரிசூலம் வரை ராத்திரி ஒருவரும் கண்மூடக் கூடாது. எல்லாரும் நன்றாகவே தூங்குகிறார்கள். விமானச் சத்தம்தான் எழுப்பிவிடும்.

தமிழ்ப் பேய்க்கு வெறும் புதைகுழி போதாது. அதற்கு ஒரு குறை வேண்டும். யார் கொன்றது, எதற்காகக் கொன்றது, எந்த நிலத்துக்காக, எந்தப் பெண்ணுக்காக என்று சொல்லியாக வேண்டும். இடைவேளைக்குப் பிறகு அரைமணி நேரம் ஓடும் ஃப்ளாஷ்பேக்தான் அதன் வாக்குமூலம். இருட்டை எப்படி ஒளியூட்டுவது, கதவை எந்த நொடியில் கிறீச்சிட வைப்பது என்பதையெல்லாம் நம் ஆட்கள் ஹிட்ச்காக்கிடமும் இந்திப் படங்களிடமும் தாராளமாகக் கற்றுக்கொண்டார்கள். அந்த அரைமணி நேரம் மட்டும் கற்றுக்கொண்டதல்ல. தமிழ்த் திகில் படங்களை வரிசையாகப் பார்த்தால், கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதைக்கூட அதுதான் தீர்மானித்திருப்பது தெரியும். ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும், அமெரிக்காவில் காளான்போல முளைத்த ‘ஸ்லாஷர்’ வகை இங்கே ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதற்கும் விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

பேயின் இந்த வாக்குமூலத்தின் பழைய வடிவம் சென்னைக்கு வெகு தூரத்தில் இல்லை. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரின் நீலி கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகத் திரும்பி வருகிறாள், வந்தவள் நேரே பழி தீர்ப்பதில்லை. வேளாளர் சபைக்குப் போகிறாள். இவன் என் கணவன், என்னோடு அனுப்புங்கள் என்று முறையிடுகிறாள். எழுபது வேளாளர்கள் தங்கள் உயிரைப் பிணையாக வைத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல் காக்க எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். உலகத்தில் எத்தனையோ பேய்கள் உண்டு, ஊர்ச்சபையில் மனுக் கொடுத்துவிட்டுக் கொன்ற பேய் அதிகம் இருக்காது. அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமாகிக் காவல் நிற்கும் நாட்டில் பேய்க்கும் கோவிலுக்கும் இடையே சுவர் மெல்லியதுதான். சினிமா வந்தபோது இந்தக் கதையமைப்பு தயாராகக் காத்திருந்தது.

ஆனால் சினிமா முதலில் எடுத்துக்கொண்டது இதை அல்ல, பாட்டை. 1949இல் பம்பாய் டாக்கீஸ் தயாரித்து கமல் அம்ரோஹி இயக்கிய ‘மஹல்’தான் இந்தியப் பேய்ப்படத்தின் பாட்டன். ஆளில்லாத மாளிகையில் எங்கிருந்தோ ஒரு பெண் பாடும் குரல், தேடிக்கொண்டு போகும் நாயகன், ஊஞ்சல், நிழல். அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது தூரத்திலிருந்து குரல் நெருங்கி வருவதுபோலக் கேட்க வேண்டுமென்று மைக்கை அறை நடுவே நிறுத்திவிட்டு, லதா மங்கேஷ்கரை மூலையிலிருந்து பாடிக்கொண்டே நடந்து வரச் சொன்னார்கள். எதிரொலிக் கருவிகள் இல்லாத காலத்து உத்தி. பயம் கண்ணுக்கு முன் காதில் ஏற வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

அந்த வெள்ளைப் புடவையும் பனிப்புகையும் நம்மிடம் 1960களில் வந்து சேர்ந்தன. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) மறுபிறவிக் கதை. அதற்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட் அடுத்த ஆண்டே மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீரின் கதையில் ‘பார்கவி நிலையம்’ எடுத்து, அங்கே பேய் வீட்டுக்கு இலக்கணம் வகுத்தார். ‘யார் நீ?’ (1966) ராஜ் கோஸ்லாவின் ‘வோ கௌன் தி’ படத்தின் மறு ஆக்கம். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது. இந்தப் படத்தில் கடைசியில் பேயே கிடையாது, சொத்துக்காகச் செய்த சதிதான். மழையும் இருட்டும் பாட்டும் சேர்ந்து இரண்டு மணி நேரம் நம்ப வைத்ததை கடைசிப் பத்து நிமிடத்தில் உயில் பத்திரம் உடைத்துப்போடும். பகுத்தறிவுக் காலத்துப் பேய்கள் அவை. என்னைக் கேட்டால், அந்த முடிவுகளை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பாட்டை மட்டும் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்.

பாட்டே வேண்டாம் என்று சொன்ன ஒருவர் இதற்கெல்லாம் முன்பே இருந்தார் என்பது தமிழ் சினிமாவின் வேடிக்கை. அதிலும் அவர் வீணை வித்வான். எஸ். பாலசந்தர் ஏவி.எம்.முக்கு இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாட்டில்லாத படம். மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி முகம் எப்போதும் இருட்டில் இருக்கும். ‘பொம்மை’யில் (1964) வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றும். குண்டு இருப்பது நமக்குத் தெரியும், வைத்திருப்பவருக்குத் தெரியாது. மேசைக்கடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளனுக்கு முன்பே காட்டிவிடு, அப்போதுதான் அவன் நாற்காலி நுனிக்கு வருவான் என்ற ஹிட்ச்காக்கின் பாடத்தை இவ்வளவு நேரடியாகச் செய்து பார்த்தவர் தமிழில் வேறு யாருமில்லை. 1970இல் வந்த ‘நடு இரவில்’ அகதா கிறிஸ்டியின் கதையைத் தழுவியது. தனித்த பங்களா, வெளியே போக வழியில்லாத சொந்தக்காரக் கூட்டம், ஒவ்வொருவராகச் சாவு. பிற்காலத்து ஸ்லாஷர் படங்களின் எலும்புக்கூடு முழுவதும் இதில் இருக்கிறது: மூடிய இடம், எண்ணிக்கை குறையும் ஆட்கள், முகம் காட்டாத கை. ஏ.சி. திருலோகசந்தரின் ‘அதே கண்கள்’ (1967) இதையே வண்ணத்தில், முகமூடிக் கொலைகாரனோடு, ஆட்டம்பாட்டத்தோடு செய்தது. வசூலில் எது ஜெயித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

1978 கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஆண்டு. அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’, இங்கே பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. இருவரும் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்திருக்க வழியில்லை. கார்பென்டர் கையில் மூன்று லட்சத்துச் சில்லறை டாலர். கொலைகாரனுக்கு புது முகமூடி செய்யக்கூடக் காசில்லாமல் ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டனின் ரப்பர் முகத்தை வாங்கி வெள்ளை பூசிக் கண்துளையைப் பெரிதாக்கினார்கள். டீன் கண்டியின் ஒளிப்பதிவில், உடம்பில் மாட்டிக்கொள்ளும் பனாகிளைடு கேமரா வீட்டைச் சுற்றி, ஜன்னலில் எட்டிப்பார்த்து, மாடியேறி, கொன்று, வெளியே வருகிறது. ஒரே ஷாட்போலத் தோன்றும் அந்தத் தொடக்கத்தில் நாம் பார்ப்பது கொலைகாரனின் கண்வழியே. முகமூடியைக் கழற்றினால் ஆறு வயதுப் பையன். ஏன் கொன்றான்? படம் சொல்வதில்லை. வைத்தியர்கூட அது வெறும் தீமை என்று கைவிரிக்கிறார்.

பாரதிராஜாவுக்கு இருந்த நெருக்கடி வேறு. ‘16 வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’ இரண்டும் ஓடிய பிறகு, இவருக்குக் கிராமத்தை விட்டால் வேறு தெரியாது என்று பேச்சு. அதற்குப் பதிலாக அவர் எடுத்தது நகரத்துக் கோடீஸ்வரன், கருப்புப் பூனை, பிணங்களின் மேல் பூக்கும் ரோஜாத் தோட்டம். பி.எஸ். நிவாஸின் கேமரா, இளையராஜாவின் கிசுகிசுக்கும் குரல்கள். அழகான கமல்ஹாசனைக் கொலைகாரனாக்கியதே பாதி வெற்றி. ஸ்ரீதேவியின் சாரதா பங்களாவில் தனியாக மாட்டிக்கொண்டு பூட்டிய அறையில் உண்மையைப் படித்துவிட்டு ஓடும் பகுதி, எந்த அமெரிக்க ஸ்லாஷரோடும் வைத்துப் பார்க்கத்தக்கது. தப்பிப் பிழைக்கும் அந்தக் கடைசிப் பெண்ணைப் பற்றி கரோல் குளோவர் கட்டுரை எழுதி அதற்கொரு பெயர் வைத்தது 1987இல்தான்.

இரண்டு படமும் பிரியும் இடம் ஃப்ளாஷ்பேக். கமலின் திலீப் ஏன் பெண்களைக் கொல்கிறான் என்பதற்குச் சிறுவயதில் பெண்ணால் பட்ட அவமானம், அவனை வளர்த்தவரின் மனைவி செய்த துரோகம் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நாம் அவனுக்காகக் கொஞ்சம் வருந்த வேண்டும். செத்த பெண்களுக்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது. கடைசியில் புத்தி பேதலித்துச் சிறையில் கிடப்பவனைத் தேடி சாரதா போகிறாள். தப்பிப் பிழைத்தவள் மறுபடி மனைவியாகிவிடுகிறாள். உத்தியில் காலத்துக்கு முந்திய படம், நியாயத்தில் காலத்துக்குப் பிந்தியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் முதலாவதை மட்டும் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

காரணம் கேட்பது நம் வியாதி மட்டும்தானா என்றால் இல்லை. ‘சைக்கோ’ (1960) முடிவில் ஒரு மனநல மருத்துவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்குவார். ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ (1980) கொலைகாரி, ஏரியில் மூழ்கிய மகனுக்காகப் பழி வாங்கும் தாய். அப்படியே பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தால் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை. ‘ஹாலோவீன்’கூட 1981இல் இரண்டாம் பாகம் வந்தபோது சகோதரி உறவைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அங்கே விளக்கம் வருவது புதிரை முடித்துவைக்க. இங்கே அது அழவைக்க வருகிறது. பார்வையாளர்கள் கொலைகாரன் பக்கமோ பேயின் பக்கமோ சாயாமல் படம் முடியக்கூடாது.

பாலுமகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) இதை வேறு வழியில் செய்தது. ராஜேந்திரகுமாரின் நாவலைத் தளர்வாகத் தழுவியது, ‘சைக்கோ’வின் சாயல் கொண்டது, இளையராஜாவுக்கு நூறாவது படம். பேய்ப்படம் என்றாலே கீழிருந்து விளக்குப் போட்டு முகத்தைக் கோரமாக்கிய காலத்தில் பாலுமகேந்திரா ஜன்னல் வெளிச்சத்தையும் ஊட்டியின் பனியையும் போதுமென்று வைத்துக்கொண்டார். பிரதாப் போத்தன் கத்துவதே இல்லை. அவர் கடத்திவந்த பெண்ணின் முன்னால் கிட்டாரோடு பாடும் பாட்டு இன்றைக்கும் எஃப்.எம்.மில் காதல் பாட்டாக ஓடுகிறது. அதைவிட மேலான திகில் உத்தி எனக்குத் தோன்றவில்லை: கேட்பவர்களே மறந்துபோகும் அளவுக்குக் கொலைகாரனை இனிமையாக்கியது.

எண்பதுகள் வீடியோ கேசட்டின் காலம். ‘யார்?’ (1985), ‘பிள்ளை நிலா’ (1985), ‘மை டியர் லிசா’ (1987), பொம்மையை வைத்துப் பயமுறுத்திய ‘வா அருகில் வா’ (1991) எல்லாம் வெளிநாட்டுப் பேய்களின் உள்ளூர்ப் பதிப்புகள். குழந்தை உடம்பில் புகும் ஆவி, உயிர் பெறும் பொம்மை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோவுக்கும் துருப்பிடித்த கிரைண்டருக்கும் நடுவே இந்த மாதிரிப் படங்களின் விசிடி உறைகள் கிடப்பதைப் பார்க்கலாம். உறையில் உள்ள அளவுக்கு ரத்தம் படத்தில் இருக்காது.

அந்தப் பத்தாண்டின் முக்கியமான படம் 1986இன் ‘ஊமை விழிகள்’. ஆபாவாணன், அரவிந்தராஜ் உள்ளிட்ட திரைப்படக் கல்லூரி மாணவர்கள் விஜயகாந்தை வைத்து சினிமாஸ்கோப்பில் எடுத்தது. அகலத் திரையைச் சண்டைக்கும் கூட்டத்துக்கும் மட்டுமே வைத்திருந்த ஊரில், ஆளில்லாத வெட்டவெளியைக் காட்டி அந்தத் திரையாலேயே பயமுறுத்தினார்கள். ஓர் ஓரத்தில் பெண் நின்றால் மீதித் திரை முழுக்க என்ன வருமோ என்று கண் தேடும். இதே ஆபாவாணன் பத்தாண்டு கழித்து ‘கருப்பு ரோஜா’ (1996) என்ற பேய்ப்படத்தைத் தந்தார்; தமிழில் டிடிஎஸ் ஒலியோடு முதலில் வந்த படம் என்ற பெயர் அதற்கு உண்டு. புதிய ஒலி இங்கே பேயின் கைபிடித்து வந்தது தற்செயலல்ல. முதுகுக்குப் பின்னால் யாரோ நடக்கும் சத்தம் கேட்க வேண்டுமென்றால் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் வேண்டும்.

ஒலியைப் பற்றி ஒரு மனத்தாங்கலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீச்சிட வைத்துப் போட்டுக் காட்டிய பிறகே சம்மதித்தார். அதற்குப் பிறகு அந்தக் கீச்சல் உலகம் முழுக்கப் பரவி, நம் ரீ-ரெக்கார்டிங் அறைகளில் குடியேறிவிட்டது. பூனை குதித்தால் ஒரு அடி, காலண்டர் விழுந்தால் ஒரு அடி. நம் தியேட்டர்களில் மௌனத்துக்கு இடமில்லை என்று ஒலிக்காரர்கள் வாதாடலாம். ஜனதா தியேட்டரிலோ வெற்றி தியேட்டரிலோ சனிக்கிழமை மாலைக்காட்சியில் திரை அமைதியானால், அந்த இடத்தை ஒரு விசிலோ நக்கலோ நிரப்பிவிடும். பயந்தவன் அதை மறைக்கப் போடும் சத்தம் அது. அதற்கு இடம் விட்ட இயக்குநர்கள் மிகக் குறைவு.

2009இல் பேய் வீடு மாறியது. அதுவரை ஜமீன் பங்களாவில் இருந்தது அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தது. விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’, அறிவழகனின் ‘ஈரம்’ இரண்டும் அந்த ஆண்டுப் படங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று வயல்களும் ஏரிக்கரைகளும் ஃபிளாட்டுகளாக மாறிக்கொண்டிருந்த நேரம். ‘யாவரும் நலம்’ நாயகன் கடன் வாங்கி வாங்கிய புது வீட்டில் பால் தினமும் திரிகிறது, பூஜையறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது, லிஃப்ட் அவனுக்கு மட்டும் வேலை செய்வதில்லை, செல்போனில் எடுத்த படம் அந்த வீட்டுக்குள் மட்டும் கோணுகிறது. ஒவ்வொன்றும் பில்டரைக் கூப்பிட்டுச் சண்டைபோட வேண்டிய சமாசாரம். பி.சி. ஸ்ரீராம் இருட்டையே அதிகம் நம்பாமல் வெளிச்சமான கூடத்தில், மதியம் ஒரு மணிக்கு டிவி ஓடும்போது பயத்தை உட்கார வைத்தார். ‘ஈரம்’ படத்தில் மனோஜ் பரமஹம்சா வெயிலையே விரட்டிவிட்டுச் சாம்பல்நீல நிறத்தில் தண்ணீரை ஆயுதமாக்கினார். அந்தப் பேயின் சாவை விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவரே வருகிறார். பேயின் முறையீட்டுக்கு இனி எஃப்.ஐ.ஆரும் உண்டு.

இதே காலத்தில் வளர்ந்தது சிரிப்புப் பேய். ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) வரிசையை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது எளிது. நான் ஒதுக்கமாட்டேன். முனியாண்டியும் காஞ்சனாவும் அரசியல் செல்வாக்குள்ளவர்களால் கொல்லப்பட்டவர்கள். காஞ்சனாவுக்கு நடந்தது நிலப்பறிப்பு. பட்டாவும் ஆக்கிரமிப்புமாகவே வாழ்க்கை போகும் புறநகர்க்காரனுக்கு அந்தப் பேயின் மனு நன்றாகப் புரியும். திருநங்கை ஒருத்தியின் பேய் நியாயம் கேட்டபோது தியேட்டரே கைதட்டியது சாதாரண விஷயமல்ல. உத்தி என்று பார்த்தாலும், ஆவி நாயகன் உடம்பில் இறங்கிவிட்டால் கிராபிக்ஸ் செலவு மிச்சம். நடையும் குரலும் மாறினால் போதும். ‘சந்திரமுகி’யிலேயே (2005) ஜோதிகா செய்து காட்டியது அதுதான்.

சிரிப்புக்குப் பின்னால் காசும் இருக்கிறது. 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்குத் தந்த அரசு, 2011இல் ‘யு’ சான்றிதழும் வேண்டுமென்று நிபந்தனை சேர்த்தது. ‘ஏ’ வாங்கினால் அப்போது வரிவிலக்கு கிடைக்கவில்லை, தொலைக்காட்சியில் அப்படியே போட முடியாது, குடும்பம் வராது. கத்தியை ஓங்கலாம், இறங்குவதைக் காட்டக்கூடாது என்ற நிலையில் ஸ்லாஷர் எடுக்க யார் துணிவார்கள்? பாட்டி, குழந்தை, நகைச்சுவை நடிகர் என்று வீட்டை நிரப்பிய ‘அரண்மனை’கள் அந்தக் கணக்கின் விளைச்சல்.

இந்தக் கட்டாய ஃப்ளாஷ்பேக்கை யாராவது கேலி செய்யமாட்டார்களா என்று காத்திருந்தபோது கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) வந்தது. டார்ச் வெளிச்சம் ஒன்றே துணையாக ஒரு பங்களாவில் மாட்டிக்கொண்ட பீட்சாக்காரன், கொலையான குடும்பம், காணாமல்போன காதலி. எல்லாம் அவன் முதலாளியை ஏமாற்றக் கட்டிய கதை. (படம் பார்க்காதவர்கள் மன்னிக்க.) முதலாளி ஏன் நம்பினார்? பேய்க்குச் சரியான காரணம் இருந்தது, அதனால் நம்பினார். நாமும் அப்படித்தான் நம்பினோம்.

மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இன்னும் ஒரு படி போனது. விபத்தில் செத்த பெண் தன்னைக் காப்பாற்ற முயன்றவன் வீட்டுக்கு வருகிறாள்; அவனைக் காக்கிறாள். மோதியது யார் என்று அவன் தேடித்தேடிப் போனால் விடை அவனிடமே இருக்கிறது. அது அவளுக்கு முன்பே தெரியும். நீலி காலத்திலிருந்து நடந்துவரும் வழக்கில் வாதியே பிரதிவாதியை மன்னித்தது அநேகமாக இதுதான் முதல்முறை. ஆரோல் கொரேலியின் வயலின் அங்கே பயமுறுத்தவில்லை, அழுதது.

ஸ்லாஷர் பக்கம் ‘ராட்சசன்’ (2018) பெரிய வெற்றி. பொம்மைத் தலை, மாயவித்தை, ஜிப்ரானின் இசை எல்லாம் கச்சிதம். அதுவும் கொலைகாரனின் பள்ளிக்கூட நாட்களுக்குப் போய் அவமானக் கணக்கை எடுத்து வந்தது. திலீப்பின் அண்ணன் தம்பி.

அடுத்த ஆண்டு அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ அந்தக் கணக்கைத் திறக்க மறுத்தது. முகமூடிக்காரர்கள் பெண்களைக் கொன்று அதைப் படமும் பிடிக்கிறார்கள். யார் அவர்கள், ஏன் இப்படி என்று படம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. படம் விட்டு வெளியே வந்தபோது அதைத்தான் பலர் குறையாகப் பேசிக்கொண்டார்கள்: “எதுக்குக் கொல்றானுங்கன்னே சொல்லலையே?” டாப்ஸி நடித்த ஸ்வப்னாவுக்குத்தான் ஃப்ளாஷ்பேக். தனக்கு நேர்ந்த வன்முறையை மறக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் அவளுடைய கையில் குத்திய பச்சையில், முன்பு கொல்லப்பட்ட ஒருத்தியின் சாம்பல் கலந்திருக்கிறது. செத்தவள் யார்மீதும் புகார் சொல்லவில்லை. இவளுக்கு வீடியோ கேமில் வருவதுபோல மூன்று உயிர் தருகிறாள். முதல் இரண்டில் தோற்றுக் கற்றுக்கொண்டதை வைத்து மூன்றாவதில் அவள் வீட்டுக் கதவைத் தாளிடுகிறாள்.